சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து செந்தோசா ரிசார்ட்டுக்கு எப்படிப் போவது? மாமியார், 2 பிள்ளைகள், 3 பெட்டி

குழித்துறைக்காரி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். பள்ளிக்கூடம் அடைத்ததும் சிங்கப்பூர் போகிறோம். என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. இந்தத் தடவை ஒப்பந்தம் முடிந்து சிங்கப்பூரில்தான் இறங்குகிறார். அங்கேயே 4 நாள் தங்கிவிட்டுச் சேர்ந்து ஊருக்கு வரலாம் என்று திட்டம். செந்தோசா தீவில் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் பக்கத்திலேயே ரிசார்ட்டில் அறை போட்டாகிவிட்டது. அவர் அன்று சாயங்காலம்தான் நேரே அறைக்கு வந்து சேருவார். அதனால் விமான நிலையத்திலிருந்து ஓட்டல் வரை எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகவேண்டியது நான்தான்.

எல்லாரும் என்றால், 71 வயது மாமியார் (முட்டு வலி, அரை பர்லாங்குக்கு மேல் நடந்தால் உட்கார்ந்துவிடுவார்), மகன் 9, மகள் 4. பெரிய பெட்டி 2, சின்னது 1. திருவனந்தபுரத்திலிருந்து ராத்திரி ஸ்கூட் விமானம், விடியற்காலையில் சாங்கியில் இறங்குகிறோம். புதன்கிழமை.

"டாக்சி பிடி, கணக்குப் பார்க்காதே" என்கிறார் வீட்டுக்காரர். கணக்குப் பார்க்காதே என்று சொல்கிறவர்கள்தான் ஊருக்கு வந்ததும் கணக்குக் கேட்பார்கள். நான் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள், பார்க்காமல் இருக்க முடியாது. நாத்தனார் மகன் எம்ஆர்டி என்ற நகர ரயிலில் போனால் 2 வெள்ளிதான் (சிங்கப்பூர் டாலர்) என்கிறான். இன்னொருவர் ஆப்பில் கார் போடச் சொல்கிறார். ஓட்டல்காரர்களே அனுப்பும் கார் ஒன்று இருக்கிறது, அதன் விலையைப் பார்த்ததும் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன்.

இதற்கு முன் நான் தனியாகப் போன அதிகபட்ச தூரம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய துவாஸ்காரன் பதில்:

தங்கச்சி, நான் கருங்கல் பக்கம். சிங்கப்பூரில் துவாஸ் கப்பல் பட்டறையில் 11 வருஷம் இருந்துவிட்டு இப்போது ஊரில் தென்னையும் வாழையுமாக இருக்கிறேன்.

முதலில் அந்த 2 வெள்ளிக் கணக்கைப் பார்ப்போம். பையன் சொன்னது பொய்யில்லை. சாங்கியிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் வரை ரயில் கட்டணம் 2, 2.50 வெள்ளிதான் வரும். ஆனால் ஹார்பர்ஃபிரண்ட் செந்தோசா இல்லை. அங்கே விவோசிட்டி என்ற பெரிய மாலுக்குள் ஏறி, 3வது மாடிக்குப் போய், செந்தோசா எக்ஸ்பிரஸ் என்ற மோனோ ரயில் பிடிக்க வேண்டும். அதற்கு ஆளுக்கு 4 வெள்ளி. உங்கள் 4 பேருக்கு அதுவே 16. எம்ஆர்டிக்கு ஒரு 9, 10 போடுங்கள். ஆக 25, 26 வெள்ளி ஆகிவிட்டது. டாக்சி 35லிருந்து 40க்குள் வரும். மிச்சம் 10, 15 வெள்ளி. ஒரே ஆளாக இருந்தால் நானும் ரயில்தான் சொல்லியிருப்பேன். 4 பேராகப் போகும்போது இந்த மிச்சத்துக்காக நீங்கள் படப்போகும் பாடு என்ன என்று பாருங்கள்.

ஸ்கூட் இறங்குவது டெர்மினல் 1. எம்ஆர்டி நிலையம் இருப்பதோ டெர்மினல் 2க்கும் 3க்கும் நடுவில். அதனால் முதலில் பெட்டியோடு ஸ்கைடிரெயின் ஏறி டெர்மினல் மாற வேண்டும். அப்புறம் எம்ஆர்டி. தானா மேராவில் இறங்கிப் பச்சை லைனில் மாற வேண்டும். ஊட்ரம் பார்க்கில் இறங்கி ஊதா லைனில் மாறி, ஒரே நிறுத்தம் போய் ஹார்பர்ஃபிரண்ட். அங்கிருந்து மாலுக்குள் ஏறி மோனோ ரயில். எண்ணிப் பாருங்கள், எத்தனை ஏற்றம் இறக்கம். புதன்கிழமை காலை என்றால் வேலைக்குப் போகிற கூட்டம் வேறு. பெட்டியோடு உள்ளே நுழையவே இடம் கிடைக்காது.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அம்மாவை ஒரு தடவை விசிட்டில் அழைத்து வந்தேன். மகன் இந்த ஊரில் எப்படி வாழ்கிறான் என்று காட்டுகிற ஆசை, ரயிலிலேயே கூட்டிப் போனேன். அங்கே நகரும் படி நம் ஊர் துணிக்கடைப் படி மாதிரி இல்லை, விறுவிறுவென்று போகும். ஊட்ரம் பார்க்கில் அம்மா படிக்கு முன்னால் நின்றுவிட்டாள். காலை எடுத்து வைக்கிறாள், பின்னால் இழுக்கிறாள். பின்னால் 20 பேர். ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை, ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். அதுதான் எனக்கு ரொம்பக் கூச்சமாகிவிட்டது. எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு, ஆனால் அது எந்த மூலையில் என்று தேடி நடக்க வேண்டும். "மக்கா, நான் இங்கயே இருக்கேன், நீ போயிட்டு வா" என்றாள். இப்போது அவள் இல்லை. ஆயிரம் தடவை நினைத்திருக்கிறேன், அன்றைக்கு ஒரு டாக்சி பிடித்திருக்கலாம்.

சரி, டாக்சிக்கு வருகிறேன். மீட்டர்தான், பேரம் கிடையாது. மீட்டருக்கு மேல் என்னென்ன சேரும் என்று தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் இறங்கும்போது ஏமாற்றிவிட்டான் என்று தோன்றும். விமான நிலையத்தில் ஏறுவதற்கென்று ஒரு தொகை, சாதாரண நேரத்தில் 6 வெள்ளி. காலை 6 மணிக்கு முன் ஏறினால் நள்ளிரவுக் கட்டணம், மீட்டரில் பாதி கூடும். 6 மணியிலிருந்து 9.30 வரை வேலைநாளில் கால் பங்கு கூடும். சாலையில் வளைவு மாதிரி நிற்கும் கம்பத்தைத் தாண்டும்போது ஈஆர்பி என்று சாலைக் கட்டணம் கொஞ்சம். தீவுக்குள் நுழைய வண்டிக்கு ஒரு சிறு தொகை.

அதனால் 9.30 வரை பொறுத்தால் கொஞ்சம் குறையும். எப்படியும் ஓட்டலில் 3 மணிக்குத்தானே அறை தருவார்கள். டெர்மினல் 1லிருந்து அப்படியே நடந்தால் ஜுவல் என்ற மால். உள்ளே 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் விழுகிறது. ஆனால் காலையிலேயே திறந்துவிட மாட்டார்கள், வேலைநாளில் 11 மணிக்குத்தான். நம் திற்பரப்பு அருவி மாதிரி எந்நேரமும் விழும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இன்னொன்று. மாமியார் வெற்றிலை போடுகிறவரா? வெற்றிலை பாக்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்ப்புகையிலை அங்கே தடை. சூயிங்கம் கொண்டுபோகக் கூடாது. கசகசாவும் கூடாது, சமையல் சாமானோடு சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

---

மட்டிப்பழம் பதில்:

எல்லாரும் டாக்சி டாக்சி என்றால் எப்படி? நான் போனபோது ஒரு தோள்பை, ரயில், பிறகு விவோசிட்டியிலிருந்து செந்தோசாவுக்கு நடைபாதை. கூரை போட்டது, நகரும் தரைகூட உண்டு, காசே கிடையாது. இல்லாவிட்டால் 123ஆம் நம்பர் பஸ் தீவுக்குள் போகிறது, பஸ் காசு மட்டும்தான். மோனோ ரயிலுக்கு 4 வெள்ளி எதற்கு?

---

பழைய துவாஸ்காரன் பதில்:

தம்பி, 123 நல்ல பஸ்தான், மறுக்கவில்லை. முட்டு வலிக்காரரையும் 3 பெட்டியையும் தூங்கி வழிகிற 4 வயசுப் பிள்ளையையும் நீங்கள் வந்து ஏற்றிவிடுவதாக இருந்தால் தங்கச்சியிடம் நானே சொல்கிறேன்.

---

தக்கலை டீச்சர் பதில்:

நாங்கள் போன மே மாதம் போய்வந்தோம். ஆப் கார் பற்றி யாரும் சொல்லவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

ஆப்பில் விலை கொஞ்சம் குறைவாகக் காட்டியது என்று போட்டோம். வண்டி வந்தது. டிரைவர் என் மகளைப் பார்த்தார், 5 வயசு. ஏற்ற மாட்டேன் என்று கையை ஆட்டிவிட்டார். எனக்கு வெப்ராளம் வந்துவிட்டது, நம்மை என்னவோ நினைத்துத்தான் அப்படிச் செய்கிறார் என்று. அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. அந்த ஊர்ச் சட்டப்படி 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளைக் குழந்தை இருக்கையில்தான் உட்கார வைக்க வேண்டும். மீட்டர் டாக்சிக்கு மட்டும் இதில் விலக்கு. ஆப்பில் வரும் தனியார் காருக்கு விலக்கு இல்லை, மாட்டினால் அபராதம் டிரைவர் தலையில். அவர் மேல் தப்பே இல்லை. குழந்தை இருக்கை உள்ள வண்டி என்று ஆப்பிலேயே தனியாகக் கேட்கலாம், விலை கூடும், வரவும் நேரமாகும்.

உங்கள் மகளுக்குக் கண்டிப்பாக இருக்கை வேண்டும். 9 வயசுப் பையனையும் அளந்து பாருங்கள். என் மகனுக்கு 10 வயசு, 1.32தான் இருந்தான்! இரண்டு பேருக்கும் இருக்கையோடு ஆப் கார் தேடுவதற்குப் பதில், வரிசையில் நின்று மீட்டர் டாக்சி ஏறிவிடுங்கள். சாதாரண டாக்சியில் 4 பேருக்கு மேல் ஏற்ற மாட்டார்கள், உங்களுக்குச் சரியாக இருக்கிறது. 2 பெரிய பெட்டி டிக்கியில் போய்விடும், சின்னது மடியில். முடியாது என்றால் பெரிய வண்டி, மேக்ஸி கேப் என்பார்கள், அங்கேயே கேட்கலாம். அதற்குக் கட்டணம் கூட.

அண்ணன் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. 9.30 வரை காத்திருந்தால் மிச்சம் ஆகிறது 6 வெள்ளியோ என்னவோ. ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளைகளை 2 மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்தால் அந்த 6 வெள்ளி ஐஸ்கிரீமிலேயே போய்விடும். நேரே ஓட்டலுக்குப் போங்கள், பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அறை முன்னாலேயே காலியாக இருந்தால் தந்தும் விடுவார்கள்.

மாமியாருக்குச் சக்கர நாற்காலி வேண்டும் என்று விமான நிறுவனத்திடம் இப்போதே எழுதி வையுங்கள். அன்றைக்குப் போய்க் கேட்டால் இல்லை என்பார்கள். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற படிவம், இறங்கும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதற்குக் காசு கிடையாது. காசு கேட்கிற தளம் என்றால் அரசுத் தளம் இல்லை.

---

கொல்லங்கோடு வண்டிக்காரன் பதில்:

அக்கா, சாங்கிக் கணக்கெல்லாம் சரி. இங்கேயிருந்து திருவனந்தபுரம் எப்படிப் போகிறீர்கள்? மார்த்தாண்டம் பக்கத்து வாடகை வண்டி என்றால் கேரளா பெர்மிட் போட்டிருக்கிறாரா என்று முன்கூட்டியே கேளுங்கள். களியக்காவிளை தாண்டியதும் நெய்யாற்றின்கரை வழியே போகாமல் காரோடு என்ற ஊர்ப் பக்கம் இருக்கிற பைபாஸ் பிடிக்கச் சொல்லுங்கள், சாக்கை வரை நேர் ரோடு, சர்வதேச டெர்மினல் அந்தப் பக்கம்தான். பழைய ஞாபகத்தில் சங்குமுகம் போய்விட்டால் அது உள்நாட்டு டெர்மினல்.

பங்குனி ஆராட்டு நாளாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். பத்மநாபசுவாமி ஊர்வலம் ஓடுபாதை வழியாகத்தான் கடலுக்குப் போகும், சாயங்காலம் சில மணி நேரம் விமானமே கிடையாது. ஐப்பசியிலும் அப்படித்தான்.

---

குழித்துறைக்காரி பதில் (போய்வந்த பிறகு):

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடியே மீட்டர் டாக்சிதான்.

மகனை அளந்தேன், 1.29. ஆப் காரை அத்தோடு விட்டுவிட்டேன். மாமியாருக்குச் சக்கர நாற்காலி சொல்லிவைத்ததால் குடிநுழைவில் எங்கள் எல்லாரையும் சேர்த்தே ஓரமாகக் கூட்டிப்போய்விட்டார்கள், அது எதிர்பாராத லாபம். அண்ணன் பேச்சைக் கேட்டு 9.30 வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். டீயும் இட்லியும் தேடி முடிப்பதற்குள் 8 மணி, மகள் என் தோளில் தூங்கிவிட்டாள். டீச்சர் சொன்னதுதான் நடந்தது. டாக்சி வரிசை 10 நிமிஷத்தில் நகர்ந்துவிட்டது. டிரைவர் 70 வயசு இருக்கும் ஒரு சீனத் தாத்தா, பெட்டிகளை எங்களைத் தொடவே விடவில்லை. சின்னப் பெட்டியும் டிக்கியிலேயே போய்விட்டது. எல்லாம் சேர்த்து 38 வெள்ளி 40 காசு. ரசீதில் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் போட்டிருந்தது, பத்திரமாகக் கொண்டுவந்து வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பார்க்கவே இல்லை.

3வது நாள் பெட்டி எதுவும் இல்லாமல் எல்லாருமாகத் தேக்காவுக்கு (லிட்டில் இந்தியா பக்கம்) போனோம், அப்போது ரயில்தான். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து அதே ஊதா லைனில் 5வது நிறுத்தம் லிட்டில் இந்தியா, மாறவே வேண்டாம். ஆளுக்கொரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை 2 பேர் தட்ட முடியாது என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. லிஃப்ட் எங்கே என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தோம். நிலையப் பெயரெல்லாம் தமிழிலும் எழுதியிருப்பதை மாமியார் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார்.

திரும்பும்போது 3 பெட்டி 5 ஆகிவிட்டது, ஆளும் 5. ஓட்டல் வாசலில் மேக்ஸி கேப்தான்.

துவாஸ் அண்ணா, மாமியாரிடம் புகையிலைப் பொதியை நீங்கள் சொன்னபடி வீட்டிலேயே வைக்கச் சொன்னேன். வைத்தார். முதல் நாள் முழுக்க என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.