குற்றக் கதை கேமுக்கு அமெரிக்காவுக்கு வெளியே எந்த நகரம் பொருந்தும்?

நெடுஞ்சாலை கேட்டது:

வணக்கம். நண்பர்கள் சிலருடன் சேர்ந்து ஓர் ஓப்பன் வேர்ல்ட் (நகரம் முழுக்க விருப்பம்போல் சுற்றக்கூடிய) குற்றக் கதை கேமுக்கான திட்ட வரைவை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதை எந்த நகரத்தில் நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்ய முடியாமல் வேலை நின்றிருக்கிறது. ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) கேம் வரிசையில் நியூயார்க்கை லிபர்ட்டி சிட்டி என்றும், மயாமியை வைஸ் சிட்டி என்றும், லாஸ் ஏஞ்சல்ஸை லாஸ் சாண்டோஸ் என்றும் பெயர் மாற்றித் திரும்பத் திரும்பக் காட்டிவிட்டார்கள். 1999-இல் லண்டனை வைத்து வந்த கூடுதல் தொகுப்புகளைத் தவிர, அந்த வரிசையின் கதைகள் அமெரிக்காவிலேயே சுழல்கின்றன. நாங்கள் வேறு நாட்டுக்குப் போக விரும்புகிறோம்.

நேப்பிள்ஸ், மும்பை, ஹாங்காங், லண்டன் ஆகிய நான்கும் இப்போது எங்கள் பட்டியலில் இருக்கின்றன. பார்த்தவுடன் ஆளை இழுக்கும் அழகான நகரம்தான் வேண்டும் என்கிறார் எங்களில் ஒருவர். கார் ஓட்ட அகலமான சாலைகள் இல்லாவிட்டால் விளையாடுபவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள் என்கிறார் இன்னொருவர். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இவற்றை மட்டும் வைத்து ஒரு நகரத்தை முடிவு செய்துவிடலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

துறைமுகவாசி பதில்:

அழகையும் சாலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த நகரத்துக்குள் சட்டவிரோதச் சரக்கு எந்த வழியாக வருகிறது, யார் யார் கை மாறுகிறது, கடைசியில் அதை யார் வாங்குகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அந்த வழித்தடம் தெளிவாக இருந்தால் மேப், மிஷன், எதிரிகள் எல்லாம் அதிலிருந்தே பிறந்துவிடும். இல்லையென்றால் அழகான கட்டடங்களுக்கு நடுவே காரணமில்லாத துப்பாக்கிச் சண்டைகள்தான் மிஞ்சும்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உங்கள் பட்டியலில் 1970-களின் நேப்பிள்ஸுக்கு இணை எதுவும் இல்லை. இத்தாலியில் புகையிலை அரசின் ஏகபோகமாக இருந்ததால், வரி கட்டாத வெளிநாட்டு சிகரெட்டுக்கு அங்கே பெரிய சந்தை இருந்தது. சரக்குக் கப்பல்கள் நாட்டின் கடல் எல்லைக்கு வெளியே நின்றுகொள்ளும். இருட்டியதும் நீல வண்ணம் பூசிய விசைப்படகுகள் அங்கே போய்ப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கரைக்குப் பறந்து வரும். இவற்றைப் பிடிப்பதற்கு குவார்தியா தி ஃபினான்ஸா என்ற நிதிக் காவல் படையின் படகுகள் காத்திருக்கும். கரை சேர்ந்த சரக்கு சந்துகளுக்குள் பிரிந்து போய், காலையில் தெருவோரத்தில் சின்னப் பெட்டியை முன்னால் வைத்து உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பாக்கெட் பாக்கெட்டாக விற்பனையாகும். கப்பலில் ஏறியது முதல் ஒரு பாக்கெட் விலை போவது வரை முழுச் சங்கிலியையும் விளையாடுபவர் தன் கையால் நடத்த முடியும் என்பதுதான் இதன் பலம்.

நிலமும் இதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. மேலே வோமெரோ என்ற வசதியானவர்களின் குன்று. அதன் அடிவாரத்தில் ஸ்பானியர் குடியிருப்பு எனப்படும் நெருக்கமான சந்துகள். கீழ் நகரத்திலிருந்து வோமெரோவுக்கு ஏற மூன்று இழுவை ரயில்கள். அந்தச் சந்துகளில் காரை விட்டால் சிக்கிக்கொள்ளும், ஸ்கூட்டர் பறந்துவிடும். நகருக்கு அடியில் பழங்காலத்தில் கல் வெட்டி எடுத்த குகைகளும் நீர்த்தேக்கங்களும் பரந்து கிடக்கின்றன; இரண்டாம் உலகப்போரில் மக்கள் குண்டுவீச்சுக்குப் பயந்து அவற்றில்தான் ஒளிந்திருந்தார்கள். கிழக்கே வெசுவியஸ் எரிமலை நிற்பதால், விரிகுடாவில் எங்கே படகோட்டினாலும் மேப்பைத் திறக்காமலே திசை தெரியும். அகலமான சாலை கேட்கும் உங்கள் நண்பரிடம், இந்த நகரத்தின் நெடுஞ்சாலை கடல்தான் என்று சொல்லுங்கள்.

லோக்கல் ரயில் பதில்:

துறைமுகவாசி சொன்ன அளவுகோலை ஏற்றுக்கொண்டே மும்பைக்காகப் பேசுகிறேன். 1968-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை நடைமுறையில் இருந்தது. வீட்டுக்கு வீடு தங்கம் கேட்கும் ஒரு நாட்டில் தங்கத்தைக் கட்டுப்படுத்தியதால், துபாயிலிருந்து பாய்மரக் கலங்களில் கடத்தல் தங்கம் வந்து குவிந்தது. அந்தக் காலக் கடத்தலில் புழங்கியது பத்துத் தோலா பிஸ்கட். ஒன்றின் எடை 116 கிராம் சொச்சம். வரிசையாகப் பைகள் தைத்த உள்சட்டையில் அவற்றைச் செருகி, மேலே சாதாரணச் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்கள் நடந்து போவார்கள். ஒரு சட்டையில் நூறு பிஸ்கட் என்று கணக்கு வைத்தால் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்தப் பாரத்தோடு ஓடினால் மூச்சு வாங்கும், சுவர் ஏறிக் குதிக்க முடியாது, கூட்டத்தில் இடிபட்டால் உலோகம் தட்டும். எந்த வசனமும் இல்லாமல் பதற்றத்தைத் தரக்கூடிய இப்படியொரு விளையாட்டு முறை வேறு எந்த நகரத்தில் கிடைக்கும்?

நம்மவர்களுக்கு நேரடித் தொடர்பும் இங்கே உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தில் பிறந்து, மும்பைத் துறைமுகத்தில் சுமை தூக்கும் கூலியாகத் தொடங்கிக் கடத்தலில் பெரும்புள்ளியானவர் ஹாஜி மஸ்தான். மாதுங்கா, தாராவிப் பகுதிகளில் கள்ளச்சாராயத் தொழிலை நடத்தியவர் வரதராஜன் முதலியார். இவர்களை அப்படியே பாத்திரங்களாக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அவர்கள் வாழ்ந்த உலகத்தை எடுத்துக்கொண்டு, மனிதர்களைப் புதிதாகப் படையுங்கள். 1982 ஜனவரி 18 அன்று தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் இறங்கினார்கள். பரேல், லால்பாக் பகுதிகளின் ஆலைகள் அதிலிருந்து மீளவேயில்லை. வேலை போன வீட்டுப் பிள்ளை எப்படி ஒரு கும்பலுக்குள் போகிறான் என்பதை இந்தப் பின்னணியில் உண்மையாகச் சொல்லலாம்.

வண்டி ஓட்டுவதைப் பற்றிச் சொல்வதானால், தெற்கு மும்பை குறுகி நீண்ட நிலம். தப்பிக்க வடக்கே போவதைத் தவிர வழி குறைவு. அதனால் காரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு, வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர் என்ற மூன்று ரயில் தடங்களையும் விளையாட்டின் முதுகெலும்பாக்குங்கள்.

குறுக்குச்சந்து பதில்:

நீங்கள் இருவரும் விட்டுவிட்ட விஷயம் துப்பாக்கியும் காவல்துறையும். விளையாடுபவர் எளிதில் ஆயுதம் வாங்கலாம், காவலர்களும் உடனே சுடுவார்கள் என்ற அடிப்படையில் கட்டப்பட்டவை அமெரிக்க நகரக் கேம்கள். லண்டனில் ரோந்து வரும் காவலர்களில் பெரும்பாலோர் துப்பாக்கி வைத்திருப்பதில்லை. ஜிடிஏவின் கதாசிரியர்களில் ஒருவரான டான் ஹவுஸரும், அந்த வரிசை அமெரிக்கத் தன்மையில் ஊறியது என்பதால் முழு கேம் ஒன்றை லண்டனில் வைப்பது கடினம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே நகரத்தை மாற்றினால் விதிகளையும் மாற்றியாக வேண்டும்.

இதைச் சரியாகச் செய்த கேம் 2012-இல் வந்த ஸ்லீப்பிங் டாக்ஸ். ஹாங்காங்கில் துப்பாக்கி அரிது என்பதை ஒரு குறையாக நினைக்காமல், சண்டையின் பெரும்பகுதியைக் கை, கால், கண்ணில் படும் பொருள்கள் என்று அமைத்துவிட்டார்கள். எதிரியை மீன் தொட்டிக்குள் முட்டித் தள்ளுவதும், கடையின் ஷட்டரை இழுத்து மேலே அடிப்பதும் அந்த நகரத்தின் தெருவிலிருந்து வந்தவை. உங்கள் நகரத்துத் தெருவில் அப்படி என்னென்ன கைக்குக் கிடைக்கும் என்று எழுதிப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: முழு நகரத்தையும் கட்டாதீர்கள். டோக்கியோவின் கபுகிச்சோவை மாதிரியாகக் கொண்டு யாகுசா என்ற கேம் வரிசை உருவாக்கிய கமுரோச்சோ நடந்தே கடக்கக்கூடிய சின்னப் பேட்டைதான். பெரும்பாலான பாகங்களில் அதே தெருக்கள் வருவதாலும், காலம் மாறும்போது கடைகளும் மாறுவதாலும், அடிக்கடி விளையாடுபவருக்கு அது சொந்தப் பேட்டையாகவே ஆகிவிடுகிறது. சிறிய குழுவுக்கு இதுதான் கட்டுப்படியாகும். மும்பை என்றால் பரேலை மட்டும் எடுங்கள். நேப்பிள்ஸ் என்றால் ஸ்பானியர் குடியிருப்பும் அதை ஒட்டிய கடற்கரையும் போதும்.

வெளியூர்க்காரி பதில்:

சுருக்கமாக ஒரு எச்சரிக்கை. வேறு நாட்டு நகரத்தை எடுக்கும்போது அங்குள்ள எளிய மக்களை வெறும் இலக்குகளாக்கிவிடும் ஆபத்து மிக அதிகம். வைஸ் சிட்டி கேமில் ஹைட்டியர்களைக் கொல்லச் சொல்லும் வசனத்துக்கு எதிராக 2003-இல் ஹைட்டிய அமெரிக்கர்கள் போராடிய பிறகு, அதை நீக்க நிறுவனம் ஒப்புக்கொண்டது. நேப்பிள்ஸை எடுத்தால் அந்த ஊர்க்காரர் ஒருவரையாவது தொடக்கத்திலிருந்தே எழுத்துப் பணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே தெருவில் பேசப்படுவது பொது இத்தாலியன் அல்ல, நேப்பிள்ஸ் மொழி. குரல் கொடுப்பவர்களும் அதில் பேசாவிட்டால் ஊர் ஊராக இருக்காது.

நெடுஞ்சாலை பதில்:

அனைவருக்கும் நன்றி. நண்பர்களோடு பேசி, கடலும் சந்தும் சேர்ந்த நேப்பிள்ஸைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். மும்பையின் தங்கச் சட்டை என் மனத்தை விட்டுப் போகவில்லை. அதைத் தனிக் கதையாகப் பின்னால் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறோம். எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிப்பது என்பதில் துறைமுகவாசி கொஞ்சம் வழிகாட்டினால் நல்லது.

துறைமுகவாசி பதில்:

1973 ஆகஸ்டில் தொடங்குங்கள். அந்த மாத இறுதியில் நேப்பிள்ஸில் காலரா பரவியது. கடற்சிப்பிகளே காரணம் என்று கருதி, விரிகுடாவில் இருந்த சிப்பி வளர்ப்புப் பாத்திகளை அதிகாரிகள் அழித்தார்கள். உங்கள் நாயகன் அப்படிப் பிழைப்பை இழந்த சிப்பிக்காரனாக இருந்தால், படகு ஓட்டத் தெரியும், விரிகுடாவின் ஒவ்வொரு மூலையும் தெரியும், கையில் காசு மட்டும் இருக்காது. நீலப் படகு வைத்திருப்பவன் வந்து கூப்பிடுவதற்கு வேறு காரணமே தேவையில்லை. படகோட்டக் கற்றுத்தரும் முதல் மிஷனில், அழிக்கப்படுவதற்கு முந்தைய நாள் அவன் தன் பாத்தியிலிருந்து சிப்பி அள்ளிக்கொண்டு கரை திரும்பட்டும்.

முடிவை 1980 நவம்பர் 23-க்குக் கொண்டுபோங்கள். அன்று மாலை இர்ப்பீனியா மலைப்பகுதியை மையமாகக் கொண்டு வந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்தார்கள். நேப்பிள்ஸிலும் கட்டடங்கள் இடிந்தன. தயவுசெய்து அதை ஓடித் தப்பிக்கும் சாகச மிஷனாக்காதீர்கள். அதற்குப் பின் மறுகட்டுமானத்துக்கு வந்த அரசுப் பணத்தின் மீது காமோரா எனப்படும் நேப்பிள்ஸ் குற்றக் கும்பல்கள் பாய்ந்ததுதான் உங்கள் கதைக்குத் தேவையானது. சிகரெட்டில் வளர்ந்தவர்கள் சிமெண்டுக்கு மாறும் காலம் அது. விளையாடுபவர் ஏழு ஆண்டுகளாகப் பழகிய படகோட்டும் திறமைக்கு அங்கே மதிப்பில்லை; ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவனைத் தெரிந்தவனுக்குத்தான் மதிப்பு. நாயகன் அந்தப் பணத்துக்குள் போகிறானா, படகோடு நின்றுவிடுகிறானா என்ற ஒரே தேர்வை மட்டும் விளையாடுபவரிடம் விட்டால் போதும்.