எந்த லப்டொப் எங்கே நிற்கிறது? கம்பனிக் கணினிக் கணக்கில் கண்டவை, திருகோணமலையிலிருந்து

உப்புவெளி, ஹோட்டல் ஐ.ரி. பகுதி:

கணினிப் பட்டியல் குழம்புவது பொருளை இடம் மாற்றும் நாளில்தான். வாங்கும்போது பற்றுச்சீட்டு, பெட்டி, வொறண்டிக் கார்ட் எல்லாம் கையில் இருக்கும். பதிவும் ஒழுங்காக நடக்கும். மே மாதம் சீசன் தொடங்கியதும் ரிசெப்ஷன் கணினி சடுதியாக நின்றுவிடும். கணக்குப் பகுதியில் சும்மா கிடந்ததைக் கழற்றிவந்து பூட்டுவார்கள், பழுதானது மேசைக்குக் கீழே போய்விடும். பதிவேட்டில் இரண்டும் பழைய இடத்திலேயே இருக்கும்.

அதனால் ஒவ்வொரு கணினிக்கும் நாங்கள் கொடுக்கும் பொருள் இலக்கத்துக்குள் இடத்தையோ பகுதியையோ எழுதக் கூடாது. 'நிலாவெளி-கணக்கு-07' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி ஆறு மாதத்தில் உப்புவெளியில் நிற்கும். 0001, 0002 என்று ஓடும் இலக்கம் போதும். இடம், பாவிப்பவர், பகுதி எல்லாம் பட்டியலில் தனித்தனி நிரலாக (கொலமாக) இருக்கட்டும். கழித்துவிட்ட பொருளின் இலக்கத்தை இன்னொன்றுக்குத் திரும்பக் கொடுக்க வேண்டாம்.

ஸ்டிக்கர் விஷயம் எங்கள் ஊரில் பெரிய விஷயம். பில் அடிக்கிற மாதிரியான தேர்மல் கடதாசி சூட்டில் மங்கி, ஒரு வருடத்துக்குள் வெறும் வெள்ளையாகிவிடும். பொலியெஸ்டர் லேபிளில் ரெசின் ரிபனால் (பிசின் மை நாடாவால்) அடித்ததுதான் நிற்கும். கடற்காற்றுப் படுகிற அறையில் பெட்டியின் மேல் மெல்லிய உப்புப் பிசுக்கு எப்போதும் இருக்கும். அதை ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துக் காயவிட்டு, லேபிளை நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் அழுத்த வேண்டும். ஒட்டிய முதல் 24 மணித்தியாலத்துக்கு ஈரத்துணி படக்கூடாது. பிசுக்கைத் துடைக்காமல் ஒட்டினால் முதலில் மூலை சுருளும், பிறகு துப்புரவு செய்கிறவர் குப்பை என்று உரித்துவிடுவார்.

லப்டொப்பின் அடிப்பக்கம் சூடும் உரசலும் உள்ள இடம். உள்ளங்கை வைக்கிற பக்கத்து மூலையில் ஒட்டலாம். மேசைக் கணினியில் பக்கத் தகட்டில் ஒட்டவே வேண்டாம். ஒரே மொடலில் மூன்று பெட்டியைத் தூசி தட்டத் திறந்தால் தகடுகள் மாறிப் பூட்டப்படும். முன்முகத்தில் ஒட்டுங்கள். டெல், ஹெச்.பி., லெனோவோ வணிக மொடல்களில் பயோசுக்குள்ளேயே (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் உள் மென்பொருள்) பொருள் இலக்கம் எழுத ஓர் இடம் இருக்கிறது, அதையும் நிரப்பிவிடுங்கள்.

கிண்ணியா, திருத்தும் கடை:

உப்புவெளி அண்ணன் பயோஸ் பற்றிச் சொன்னது டெல், ஹெச்.பி. மாதிரிக் கம்பனி மொடலுக்குச் சரி. இங்கே பாதிக்கு மேல் கடையில் பூட்டிய கணினிகள். அவற்றில் சீரியல் நம்பர் கேட்டால் 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்' என்ற பொருளில் ஓர் ஆங்கில வரிதான் வரும். பத்துக் கணினிக்கும் அதே வரி. சீரியல் நம்பரை வைத்து அடையாளம் காணும் எந்தப் பட்டியலும் அந்தப் பத்தையும் ஒன்றாக நினைக்கும். மதர்போட்டின் சொந்த சீரியலும் யூ.யூ.ஐ.டி.யும் (மதர்போட்டில் பதிந்த தனி அடையாள இலக்கம்) சேர்த்து எடுங்கள். நெட்வேர்க் இணைப்பின் அடையாளமான மெக் முகவரியை மட்டும் நம்ப வேண்டாம். மெல்லிய லப்டொப்புகளுக்கு யூ.எஸ்.பி. லான் அடப்டர் பூட்டுகிறார்கள். அந்த அடப்டர் கைமாறினால் முகவரியும் கூடவே போய்விடும்.

கையால் பதிகிறவர்கள் கவனிக்க: டெல் சேர்விஸ் டேக் (டெல்லின் சீரியல்) 7 எழுத்து, அதில் 8ஐயும் ஆங்கில 'பி'யையும் மாற்றி எழுதுவது வழமை. கைத்தொலைபேசியால் ஸ்கான் பண்ணுவதுதான் நல்லது. ஆனால் லெனோவோ பார்கோட் ஒன்றில் '1எஸ்' என்று தொடங்கி மொடல் இலக்கமும் ஒட்டிக்கொண்டு வரும். சீரியல் அதன் கடைசித் துண்டு மட்டும்தான். எக்செலில் சீரியல் நிரலை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூச்சியங்கள் தொலையும். இலக்கங்களுக்கு நடுவில் ஒரேயொரு ஆங்கில 'ஈ' வந்தால் எக்செல் அதைப் பத்தின் அடுக்கில் எழுதிய எண்ணாக மாற்றிவிடும். சேமித்து மூடிய பிறகு அந்தச் சீரியலை மீட்க வழியில்லை.

திருத்த அனுப்பும்போது நடக்கிற பெரிய குழப்பம் மதர்போட் மாற்றுவது. யூ.யூ.ஐ.டி. மாறிவிடும், பட்டியலில் புதிய கணினி ஒன்று பிறக்கும், பழையது ஆவியாக அங்கேயே நிற்கும். கணினியோடு சேர்ந்து வரும் வின்டோஸ் ஓ.ஈ.எம். லைசன்ஸ் மதர்போட்டோடு கட்டுப்பட்டது என்பதால் அதுவும் கேள்விக்குறி. டிஸ்க்கைப் பூட்டும் பிட்லொக்கர் போட்ட கணினி என்றால் டி.பி.எம். (பாதுகாப்புச் சிப்) மாறியதும் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். சாவி இல்லாவிட்டால் ஹார்ட் டிஸ்க் பத்திரமாக இருக்கும், உள்ளே இருப்பதை ஒருவரும் திறக்க முடியாது. கடைக்கு அனுப்பமுன் சாவியை எடுத்துப் பொருள் இலக்கத்தோடு சேர்த்து வையுங்கள். பட்டியலைப் பார்க்கிற எல்லாருக்கும் தெரிகிற நிரலில் போட வேண்டாம்.

றாம், எஸ்.எஸ்.டி. அளவையும் சீரியலையும் அனுப்பும் துண்டில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். கடைக்கும் அது பாதுகாப்பு.

சீனக்குடா, களஞ்சிய நிறுவனம்:

மென்பொருள் பக்கத்தை யாரும் தொடவில்லை. ஆள் போய் எண்ணினால் பெட்டிகள் வரும். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு ஏஜென்ட் (கணினிக்குள் ஓடி விவரம் அனுப்பும் சிறு மென்பொருள்) வேண்டும். ஜி.எல்.பி.ஐ., ஸ்னைப்-ஐ.ரி. இரண்டும் கணினிப் பட்டியல் வைக்கும் திறந்த மூல மென்பொருள், இரண்டும் கட்டணமில்லாமல் சொந்த சேவரில் ஓடும். யாருக்குக் கொடுத்தோம், எப்போது திரும்பியது என்ற கொடுக்கல் வாங்கலுக்கு ஸ்னைப்-ஐ.ரி. நல்லது. தானாகக் கணினியைத் துருவிப் பார்த்து எழுதுவது ஜி.எல்.பி.ஐ. ஏஜென்ட். மூதூர், கிண்ணியா மாதிரி 4ஜி றவுட்டரில் ஓடும் கிளையில் இருந்து ஏஜென்ட் வெளியே வந்து சேவரைத் தேடும். ஆகவே சேவருக்கு வெளியிலிருந்து எட்டும் முகவரி இருக்க வேண்டும். தலைமை அலுவலக லானுக்குள் மட்டும் சேவர் இருந்தால் கிளைக் கணினிகள் ஒருநாளும் பட்டியலுக்கு வராது. இணையமே இல்லாத இடத்தில் ஏஜென்ட் விவரத்தைக் கோப்பாக எழுதித் தரும். பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றலாம்.

ஒரே இமேஜை (எல்லாம் நிறுவி முடித்த டிஸ்க்கின் நகலை) இருபது கணினிக்கு ஏற்றுகிறவர்கள் ஏஜென்டை இமேஜுக்குள் போட்டுவிடாதீர்கள். அடையாள இலக்கமும் சேர்ந்து நகலாகி, இருபதும் ஒன்றின்மேல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கும்.

சொந்தமாக பவர்ஷெல் (வின்டோஸ் கட்டளை) எழுதி மென்பொருள் பட்டியல் எடுக்கிறவர்களுக்கு: 'வின்32 புரொடக்ட்' என்ற வகுப்பைக் கேட்கவே வேண்டாம். அது எம்.எஸ்.ஐ.யால் (வின்டோஸின் நிறுவற் கோப்பு வகை) நிறுவிய ஒவ்வொன்றையும் சரிபார்க்கப் போகும், சிலதைத் திருத்தியும் அமைக்கும். காலை எட்டரைக்கு எல்லாக் கணினியும் இழுபடும்போது காரணம் தெரியாமல் தலையைப் பிய்ப்பீர்கள். வின்டோஸ் தன் அமைப்புகளை வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் நீக்கல் (அன்இன்ஸ்டோல்) பட்டியலைப் படியுங்கள்: 64 பிட், 32 பிட் என்று இரண்டு இடம், அதோடு ஒவ்வொரு பாவனையாளருக்கும் ஒரு தனி இடம். மூன்றாவதை விட்டால் ஆட்கள் தாங்களே போட்டுக்கொண்ட மென்பொருள்கள் தெரியாமல் போகும்.

லைசன்ஸ் எண்ணிக்கையில் வழமையாக மாட்டுவது: ஒஃபிஸ் 'ஹோம் அன்ட் ஸ்டூடன்ட்' பதிப்புகள் 2019, 2021 வணிகப் பாவனைக்கு இல்லை. லப்டொப்போடு சேர்ந்து வந்தாலும் இல்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் இலவசமாக இருப்பது சொந்தப் பாவனைக்கு. வின்றார் 40 நாள் தவணை முடிந்தும் ஓடும், அதனால் வாங்கியதாக ஆகாது. ஒராக்கிள் ஜாவா சந்தா ஜனவரி 2023 முதல் கம்பனியின் மொத்த ஊழியர் தொகையில் கணக்கிடப்படுகிறது. ஜாவா ஓடுகிற கணினி இரண்டாக இருந்தாலும் அதே கணக்கு. ஜாவாவின் திறந்த மூலப் பதிப்பான ஓப்பன் ஜே.டி.கே.க்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிடுங்கள்.

யூ.எஸ்.பி. டொங்கிளில் (லைசன்ஸ் சாவியாகச் செருகும் பொருள்) ஓடும் கணக்கு மென்பொருள் இருந்தால் டொங்கிளுக்கே ஓர் இலக்கம் போடுங்கள். விரல்நுனி அளவுப் பொருள், தொலைந்தால் மென்பொருளே தொலைந்த மாதிரி.

உட்துறைமுக வீதி, கணக்காய்வு வேலை:

கணக்குப் பகுதியின் நிலையான சொத்துப் பதிவேடும் ஐ.ரி. பட்டியலும் ஒத்துப்போவது அபூர்வம். காரணம் எளிது. கணக்கில் 'கணினிகள் 10' என்று ஒரே வரி, ஐ.ரி.யில் பத்து வரி. ஐந்து வருடத்தில் பெறுமானத் தேய்வு முடிந்ததும் கணக்குப் பதிவு பூச்சியமாகிவிடும், பெட்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். ஐ.ரி. பட்டியலில் பற்றுச்சீட்டு இலக்கத்துக்கு ஒரு நிரல் போட்டால் இரண்டையும் கட்டிவிடலாம். விலையை வட் வரி சேர்த்து எழுதினீர்களா, சேர்க்காமலா என்பதையும் குறியுங்கள். 2024 ஜனவரி முதல் வட் 18 வீதம். சேர்த்ததும் சேர்க்காததும் கலந்தால் மொத்தம் ஒருநாளும் பொருந்தாது.

எண்ணுவதை இரண்டு பக்கமும் செய்யுங்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு பொருளைத் தேடுவது ஒன்று. அறைக்குள் கண்ணில் பட்டதை எடுத்துப் பட்டியலில் தேடுவது மற்றது. முதலாவதை மட்டும் செய்தால் பதியாமல் வந்த பொருள் தெரியவே மாட்டாது. அலுமாரி, கூரைக்குக் கீழ்த் தட்டு, காவலாளி அறை மூன்றையும் விடாதீர்கள். ஏஜென்டுக்குத் தெரிவது ஓடுகிற கணினி மட்டும்தான்.

சீனக்குடா, களஞ்சிய நிறுவனம்:

அதற்கு 'கடைசியாகக் கண்ட நாள்' நிரல் உதவும். 30 நாள் தாண்டியவற்றை மட்டும் வடிகட்டி, அந்தப் பெயர்களோடு நடந்துபோய்ப் பாருங்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு தேடும் பக்கத்தில் முழுவதையும் எண்ணத் தேவையில்லை.

கிண்ணியா, திருத்தும் கடை:

புரோசசர் தலைமுறையும் டி.பி.எம். பதிப்பும் நிரலாக இருக்கிறதா? வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வின்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். அந்த இரண்டு நிரலும் இருந்தால் எத்தனை மாற்ற வேண்டும் என்பது ஒரு வடிகட்டலில் வந்துவிடும். இல்லாதவர்கள் ஒவ்வொரு பெட்டியாகக் கொண்டுவந்து கேட்கிறார்கள்.

உப்புவெளி, ஹோட்டல் ஐ.ரி. பகுதி:

கிண்ணியா நானா சொன்ன நிரல்களோடு யூ.பி.எஸ். பற்றரித் திகதியையும் சேருங்கள். யூ.பி.எஸ்.ஸுக்கு ஒரு வரி, உள்ளே இருக்கும் 12 வோல்ட் 7 ஏ.எச். பற்றரிக்குத் தனி வரி. மூன்று முதல் ஐந்து வருடம் என்பது 25 பாகைச் சூட்டுக்குச் சொன்ன கணக்கு. பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். ஏ.சி. இல்லாத அறையில் இரண்டு வருடத்தில் சோதித்துப் பாருங்கள். எண்ணுகிற வேலையை செப்டெம்பர் கடைசியில் வைத்தால் சீசன் ஆட்களுக்குக் கொடுத்த டப்லெட்டுகளும் திரும்பி வரும், மாரி மழைக்கு முன் நிலத்தில் நிற்கிற பெட்டிகளையும் அப்படியே தூக்கி மேலே வைத்துவிடலாம்.