சோபா கால்: தகடா, கழுந்தா?

தக்கலைத் தச்சன்:
"சாய்ந்த கூம்புக் கால் நாலு வாங்கி, தகடு வச்சு ஸ்க்ரூ போட்டா எந்தச் சோபாவும் மிட்-செஞ்சுரி ஆயிடும்"னு இந்த மன்றத்துப் பக்கத்துத் திரியில ஒருத்தர் எழுதியிருக்கார். மிட்-செஞ்சுரின்னா 1950கள் வாக்குல வந்த பாணி. அதுக்கு ஆளாளுக்குக் கைதட்டல் வேற. படிச்சதும் எரிச்சல் வந்துட்டு. மூணு பேர் உட்காருற சோபாவுக்குத் தகட்டுக் கால் ஆகாது. கால் 10, 15 டிகிரி வெளியே சாயும்போது பாரம் நேரா இறங்காது. தகட்டோட வெளி விளிம்பு சட்டத்தை அழுத்தும், உள் விளிம்பு ஸ்க்ரூவைப் பிடுங்கும். சட்டம் மரத்தூளை ஒட்டி அழுத்தின பார்ட்டிகிள் போர்டுன்னா ஸ்க்ரூ மாவை அள்ளிக்கிட்டே வெளியே வரும். காலுல துளை அடிச்சு, சட்டத்து முனையில செதுக்கின நாக்கை, அதாவது கழுந்தை, இறக்கணும்.

குழித்துறை இன்டீரியர்:
அதை எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். 1950கள்ல டேனிஷ் சாமான்கள் ஏற்றுமதிக்குக் கழற்றிப் பூட்டுற மாதிரி செய்யப்பட்டது அண்ணாச்சிக்குத் தெரியாதா? கழற்றுற கால்னா மட்டம்னு யார் சொன்னா?

தக்கலைத் தச்சன்:
அது போல்ட் போட்டுக் கழற்றிப் பூட்டுறது. போல்ட் வேற, தகடு வேற. ரெண்டையும் குழப்பாதீரும். டேனிஷ் வடிவமைப்பாளர் வெக்னரோட 1949 விஷ்போன் நாற்காலியைப் பாரும், இருக்கைச் சட்டம் காலுக்குள்ள கழுந்தாத்தான் இறங்கும். தகடு எங்க இருக்கு, காட்டும்.

பாறசாலை புதுவீடு:
அண்ணன்மாரே, ஸ்காண்டினேவியன், ஜப்பானும் ஸ்காண்டினேவியாவும் கலந்ததுன்னு சொல்ற ஜப்பாண்டி, மிட்-செஞ்சுரி மூணுக்கும் என்ன வித்தியாசம்? ஹாலுக்கு எது பொருந்தும்?

குழித்துறை இன்டீரியர்:
அதெல்லாம் பிறகு. அண்ணாச்சி, விஷ்போன் ஒரு ஆள் நாற்காலி. நான் பேசுறது சோபா. அமெரிக்க வடிவமைப்பாளர் ஈம்ஸ் தம்பதியோட 1956 சாய்வு நாற்காலியில கழுந்து எங்க இருக்கு? வளைச்ச பிளைவுட், உள்ளே ஒட்டின ரப்பர் கட்டை. அதை மிட்-செஞ்சுரி இல்லைன்னு சொல்லுவீரா?

தக்கலைத் தச்சன்:
அந்த ரப்பர் கட்டை ஒட்டுதான் பழைய உருப்படிகள்ல முதல்ல விட்டுப்போற இடம்! கை வைக்கிற பலகை பிளைவுட்டோட பெயர்ந்து வரும். எனக்கே சாட்சி சொல்லுதீரு. மறுபடி சொல்லுதேன்: தகடு ஆகாது. சட்டம் ஒன்றரை அங்குலம்னா கழுந்து அரை அங்குலக் கனம், அதாவது மூணுல ஒரு பங்கு. நீளம் ஒன்றேகால் அங்குலம்.

மஞ்சாலுமூடு ரப்பர்:
கால் எந்த மரம்? கடையில விக்குற கூம்புக் கால்ல பாதி ரப்பர் மரம். மாவுச்சத்து ஜாஸ்தி, அதனால வண்டு துளைக்கும். அறுத்த சில நாள்லயே நீலக் கறை பாயும். அழுத்தத் தொட்டியில போராக்ஸ்–போரிக் அமிலம் ஏத்தி, சூளையில உலர்த்தினது தேறும். சும்மா தடவினது தேறாது. அயனி (ஆஞ்சிலி) மரம் எடுங்க.

குழித்துறை இன்டீரியர்:
வந்துட்டாரு. போன திரியிலயும் எல்லாக் கேள்விக்கும் இவருக்கு அயனிதான் பதில். நம்ம பக்கம் ரெண்டு மழை, அயனி உலரவே விடாது. 12 சதத்துக்கு மேல ஈரம் உள்ள மரத்துல கழுந்து இறக்குங்க, உலர்ந்ததும் சுருங்கி லொடலொடன்னு ஆடும். அப்ப தகட்டைத்தான் தேடுவீங்க.

தக்கலைத் தச்சன்:
ஈர மரத்துல வேலை செய்தவன் பிழை, கழுந்து பிழை இல்ல.

தேங்காய்ப்பட்டணம் காத்து:
எல்லாத்தையும் விடுங்க, இண்டஸ்ட்ரியல் ஸ்டைல்ல 25 மி.மீ. சதுரப் பைப் போட்டு வெல்டு பண்ணா இந்தக் கால் சண்டையே இல்ல.

மஞ்சாலுமூடு ரப்பர்:
கடற்கரையில பைப்பா? திறந்த முனை வழியா உப்புக்காத்து ஏறி உள்ளேயிருந்து துருவேறும். வெளியில பவுடர் கோட்டிங் பளபளன்னு இருக்கும்போதே வெல்டு பக்கத்துல கொப்புளம் வரும். முனையெல்லாம் மூடி வெல்டு வைக்கணும், பூச்சுக்கு முன்னால வெல்டு கசடைத் தேய்ச்சு எடுக்கணும். உம்ம ஊர்ல எவன் செய்யுதான்?

தேங்காய்ப்பட்டணம் காத்து:
எங்க ஊரைப் பத்திப் பேச நீர் யாரு ஓய்?

குழித்துறை இன்டீரியர்:
தகட்டுக்கு முறை இருக்கு, கேளுங்க. மூலையில 18 மி.மீ. ஐ.எஸ். 710, அதாவது தண்ணி தாங்குற மரைன் பிளைவுட் ரெண்டை ஒட்டி 36 மி.மீ. கட்டை. 8 மி.மீ. டி-நட்டை (பல்லு வச்ச நட், இதுலதான் கால் போல்ட் ஏறும்) மேல் பக்கமிருந்து அடிக்கணும், அப்பத்தான் கால் இழுக்க இழுக்க நட் இறுகும். கீழிருந்து அடிச்சா பிடுங்கிட்டு வரும். ஏழடி சோபாவுக்கு நடுவுல அஞ்சாவது கால். இதுக்கு மேல என்ன ஆடும்?

தக்கலைத் தச்சன்:
இப்ப நீர் சொன்னதுல பாரம் தாங்குறது கட்டையும் டி-நட்டும். தகடு சும்மா மூடி. முதல் பதிவுல கட்டையும் இல்ல, டி-நட்டும் இல்ல, "தகடு வச்சு ஸ்க்ரூ"ன்னு மட்டும் இருந்தது. அதை முதல்ல அழியும்.

குழித்துறை இன்டீரியர்:
அழிக்க மாட்டேன்.

பாறசாலை புதுவீடு:
ஜப்பாண்டின்னா உயரம் கம்மியா இருக்குமா, அதையாவது சொல்லுங்க.

தக்கலைத் தச்சன்:
இருக்கும், மக்கா. சாதாரண சோபா இருக்கை 16–18 அங்குலம், அது அதைவிடத் தாழ்ந்து வரும். வயசானவங்க வீட்டுல வேண்டாம், எழும்ப முட்டு வலிக்கும். கால் குட்டையாத்தான் இருக்கும், அதுலயும் தகடு வைக்கச் சொல்லி ஒருத்தர் வருவாரு, கேக்காத.

குழித்துறை இன்டீரியர்:
குட்டைக் கால்ல உம்ம ஒன்றேகால் அங்குலக் கழுந்தை எங்க இறக்குவீரு? அதுக்கு முதல்ல பதில் சொல்லும்.