கேரவன் கட்டிக்கொண்டு சுவிஸ் மலைக்கு: பிள்ளைகளோடு எங்கே தங்கலாம்?

ஸ்டுட்கார்ட்_அப்பா

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் கோடை விடுமுறைக்கு முதல்தடவையாக ஒரு கேரவனை (காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீடு) வாடகைக்கு எடுத்துக்கொண்டு சுவிஸ் பக்கம் பத்து நாள் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஒன்பது வயது மகள், மூன்றரை வயது மகன். லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் படங்களைப் பார்த்த நாளிலிருந்து மனைவி அங்கேதான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், எனக்கோ அந்தப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறுவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. மூன்று நாள் இன்டர்லாக்கன், மூன்று நாள் லவுட்டர்புருன்னன், மிச்ச நாள் கோட்ஹார்ட் மலையைத் தாண்டித் தெற்கே டிச்சினோ மாநிலம், இதுதான் திட்டம். சரியா வருமா? என்னிடம் இருப்பது கார் ஓட்டும் சாதாரண பி லைசென்ஸ்.

பேர்ன்_அக்கா

தம்பி, முதலில் அந்த மூன்று இடத் திட்டத்தைக் கிழித்துப் போடுங்கள். ஒவ்வொரு தடவை இடம் மாறும்போதும் கேரவனோடு சேர்த்து விரிக்கும் முன்கூடாரத்தை மடிக்க வேண்டும், கேரவனின் முட்டுக்கால்களை ஏற்ற வேண்டும், கழிவறைப் பெட்டியைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும், போன இடத்தில் இதையெல்லாம் திரும்பவும் செய்ய வேண்டும், அதற்குள் சின்னவன் பசியில் அழத் தொடங்கிவிடுவான். இரண்டு நாள் அதிலேயே போய்விடும். ஒரே இடத்தில் கேரவனை நிறுத்திவிட்டு ரயிலில் சுற்றுங்கள். அந்தப் பகுதியின் அருமையே அதுதான்: இன்டர்லாக்கன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து லவுட்டர்புருன்னன் ரயிலில் இருபது நிமிடம். ஆறு வயதுக்குக் கீழே டிக்கெட்டே இல்லை. மகளுக்கு ஜூனியர் கார்டு 30 ஃபிராங்க், உங்களில் ஒருவர் டிக்கெட்டோடு கூட இருந்தால் ஒரு வருடம் முழுக்க இலவசமாக வருவாள்.

என்னைக் கேட்டால் பிரியன்ஸ் ஏரிக்கரைதான். ஆரெக் என்று ஒரு கேம்பிங் இருக்கிறது, ஏரியோடு ஒட்டியது, சமதரை. பனியாறு அரைத்துக் கொண்டுவரும் மாவு போன்ற தூளால்தான் அந்த ஏரிக்கு அந்தப் பச்சைநீலம், ஆனால் அதே காரணத்தால் தண்ணீர் குளிர், பிள்ளைகள் கால் நனைத்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடிவருவார்கள். நீந்தத்தான் வேண்டும் என்றால் தூன் ஏரி கொஞ்சம் சூடு, அங்கே இன்டர்லாக்கன் பக்கம் மேனர் ஃபார்ம் என்ற கேம்பிங் இருக்கிறது, அது பெரிய இடம்.

லவுட்டர்புருன்னன் வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் சுவர் மாதிரிப் பாறை, வெயில் நேரத்தோடு மறைந்துவிடும். மழை பெய்தால் நாலு பேரும் கேரவனுக்குள் அடைந்து கிடக்க வேண்டியதுதான். இன்னொன்று, ட்ரூம்மல்பாக் அருவிக்கு நாலு வயதுக்குக் கீழே பிள்ளைகளை விட மாட்டார்கள். உங்கள் மகனோடு போய் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பாதீர்கள்.

கொக்கி_எடை

அக்கா சொன்னதோடு உடன்படுகிறேன், நான் வண்டிக் கணக்கை மட்டும் சொல்கிறேன். பி லைசென்ஸில் காரும் கேரவனும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக்கூடாது. பார்க்க வேண்டியது அன்றைக்கு ஏற்றிய எடையை அல்ல, பதிவுப் பத்திரத்தில் இருக்கும் எண்ணை. கார் 2,050, கேரவன் 1,500 என்றால் உள்ளே ஒரு கரண்டிகூட இல்லாவிட்டாலும் நீங்கள் வெளியே. பி96 என்ற கூடுதல் அனுமதியை எடுத்தால் 4,250 வரை போகலாம், பரீட்சை கிடையாது, ஒருநாள் வகுப்புத்தான்.

சுவிஸ் மோட்டார்வேக்கு விக்னெட் (சாலை வரி வில்லை) 40 ஃபிராங்க், கேரவனுக்குத் தனியாக இன்னொன்று வேண்டும். இதைத் தெரியாமல் போய் மாட்டியவர்கள் எத்தனையோ பேர், நானும் ஒருவன்.

பாதையைப் பற்றி வீணாகப் பயப்பட வேண்டாம். பாசல், பேர்ன், தூன், இன்டர்லாக்கன் என்று வந்தால் ஒரு கணவாய்கூட ஏறத் தேவையில்லை. லூசெர்ன் வழியாக வந்தால் ப்ரூனிக் கணவாய், 1,008 மீட்டர், அதுவும் முடியும். கேரவனோடு சுஸ்டன், ஃபுர்கா என்ற உயரமான கணவாய்கள் பக்கம் மட்டும் தலைவைத்துப் படுக்காதீர்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கீழ் கியருக்குப் போய் எஞ்சினை இழுத்துப் பிடிக்க விடுங்கள். பிரேக் சூடாகி மணக்கத் தொடங்கிய பிறகு யோசித்துப் பயனில்லை. பாரமான சாமானை அச்சுக்கு மேலே கீழ்த்தட்டில் வையுங்கள், அரிசி மூட்டையைப் பின்பக்கம் தள்ளிவைத்தால் கொக்கியில் எடை குறைந்து மோட்டார்வேயில் வால் ஆடும்.

அப்புறம் காற்று. ஃபோன் (Föhn, தொலைபேசி அல்ல) என்று மலையின் தெற்கிலிருந்து இறங்கும் சூடான காற்று, பிரியன்ஸுக்கு மேலே இருக்கும் ஹஸ்லி பள்ளத்தாக்கில் அதன் ஆட்டம் பெரிது. அங்கிருக்கும் மைரிங்கன் ஊர் 1879லும் 1891லும் எரிந்தபோது தீயைப் பரப்பியது அதுதான். நாங்கள் ஒருமுறை முன்கூடாரத்தை விரித்தபடியே விட்டுவிட்டு ஆரெ ஆற்றின் பாறைப் பள்ளத்தைப் பார்க்கப் போனோம், திரும்பி வந்தபோது அது பக்கத்து டச்சுக்காரரின் கேரவன் கூரையில் கிடந்தது. மனுஷன் கோபிக்கவே இல்லை, தேத்தண்ணீர் போட்டுத் தந்தார்.

மியூனிக்_கணேசா

எல்லாரும் சுவிஸ் சுவிஸ் என்கிறீர்கள், ஆஸ்திரியாவை ஏன் யாரும் சொல்லவில்லை? இன்ஸ்ப்ரூக் பக்கத்தில் நட்டரர் ஏரி கேம்பிங், சறுக்குமரம் எல்லாம் தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது, எங்கள் பசங்க மூன்று நாள் மலையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கேரவனுக்குத் தனி விக்னெட்டும் கிடையாது. காசும் மிச்சம்.

லண்டன்_வாத்தி

கணேசா, பிள்ளைகள் மலையைப் பார்க்கவே இல்லை என்றால் மலைக்கு எதற்குப் போவது?

நான் லவுட்டர்புருன்னன் கட்சி. கேம்பிங் யுங்ஃப்ராவில் கதவைத் திறந்தால் ஸ்டவுப்பாக் அருவி, கிட்டத்தட்ட 300 மீட்டர், சாமத்தில் விழித்தால் அதன் சத்தம். என் மகள் இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறாள். காரே போகாத முர்ரன், வெங்கன் இரண்டுக்கும் அங்கிருந்தே ஏறலாம். வெங்கனிலிருந்து மென்லிக்கன் மேலே போனால் பசுமாட்டு உருவத்தில் பெரிய மர விளையாட்டிடம் இருக்கிறது, மூன்றரை வயதுக்காரனை அங்கிருந்து கீழே இறக்குவதுதான் பாடு. வெயில் மறைவது உண்மை. ஜூலையில் இரவுக்கும் ஸ்வெட்டர் வேண்டும்.

ஸ்டுட்கார்ட்_அப்பா

அனைவருக்கும் நன்றி. டிச்சினோவை வெட்டியாகிவிட்டது. பிரியன்ஸில் எட்டு நாள், கடைசி இரண்டு நாள் கேரவனை லவுட்டர்புருன்னனுக்கு நகர்த்துவது என்று மனைவியோடு சமாதானம். வாடகைக்காரரிடம் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன், கூட்டினால் 3,420, தப்பினேன். சாப்பாட்டுச் சாமான் எல்லாம் இங்கிருந்தே கொண்டு போகலாமா? அங்கே ஆட்டிறைச்சி விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது.

பேர்ன்_அக்கா

இறைச்சி ஆளுக்கு ஒரு கிலோ வரைதான் வரியில்லாமல் கொண்டுவரலாம், அதற்கு மேலே எல்லையில் காசு கட்ட வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் என்றால் இடத்தை இப்போதே பதிவு செய்யுங்கள், ஆகஸ்ட் 1 தேசிய நாள் என்பதால் அந்தக் கிழமை எங்கும் நிரம்பிவிடும். ஏசிஎஸ்ஐ என்ற கேம்பிங் தள்ளுபடி அட்டையை நம்பாதீர்கள், அது கூட்டமில்லாத காலத்துக்கு மட்டும். சுவிஸ் பிளக்குக்கு அடாப்டர் எடுத்துவையுங்கள். மின்சாரம் பல இடங்களில் 10 ஆம்பியர்தான், சோற்றுச் சட்டியையும் கேத்தலையும் ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும், ஆகவே சமையல் கேஸில்.

மத்தியான ஓய்வு நேரத்தில் வண்டி உள்ளே வரவும் விட மாட்டார்கள், சத்தமும் கூடாது. பிரஷர் குக்கர் கொண்டு போகிறீர்கள் என்றால் விசில் அதற்கு முன்னமே அடித்து முடியட்டும். எங்களுடையது ஒருநாள் ஒரு மணிக்கு மூன்று விசில் அடித்தது, பக்கத்துக் கிழவி ஏதோ வெடிக்கப் போகிறது என்று அலுவலகத்துக்கு ஓடிவிட்டார்.