புதுப்பிப்பு: இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே?

'பார்லனோ' (அவர்கள் பேசுகிறார்கள்) என்பதை ஏன் 'பார்-லா-னோ' என்று சொல்லக்கூடாது என்று போன வாரம் இங்கே கேட்டிருந்தேன். கடைசிக்கு முந்தின அசையில்தான் எப்போதும் அழுத்தம் (ஒரு அசையை மட்டும் ஓங்கிச் சொல்வது) என்று நம்பிக்கொண்டிருந்தேன். தப்பு.

நிகழ்காலத்தில் 'அவர்கள்' வடிவம் 'அவன்' வடிவத்தைப் பார்த்து நடக்கிறது. 'பார்லா'வில் அழுத்தம் 'பார்' மேல். பின்னால் 'னோ' ஒட்டினாலும் அது நகராது. 'ஆபிதா' (வசிக்கிறான்) பன்மையில் ஆ-பி-த-னோ. அழுத்தம் முதல் அசையில், கடைசியிலிருந்து நாலாவது! இதைச் சொல்லிப் பழகத்தான் எனக்கு இரண்டு நாள் ஆனது. 'நாம்', 'நீங்கள்' இரண்டில் மட்டும் அது விகுதிக்குத் தாவும்: பார்-லியா-மோ, பார்-லா-தே.

சரி, அப்படியானால் 'அர்ரிவனோ' (வருகிறார்கள்)? அர்-ரி-வ-னோ, அழுத்தம் 'ரி'யில். காரணம், 'அவன்' வடிவத்தைப் போலவே 'நான்' வடிவமான 'அர்ரிவோ' (வருகிறேன்) என்பதிலும் அழுத்தம் அங்கேதான். ஆக, 'நான்' வடிவத்தை அகராதியில் பார்த்து வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. எழுத்திலும் உதவி கிடைக்காது. கடைசி உயிரில் அழுத்தம் விழுந்தால்தான் குறி போடுவார்கள். 'பார்லோ' குறி இல்லாவிட்டால் 'பேசுகிறேன்', கடைசி 'ஓ' மேல் குறி இருந்தால் 'பேசினான்'.

அப்புறம் ஒரு திருத்தம். 'அஸ்பெத்தோ'வை (காத்திருக்கிறேன்) 'அஸ்-பெத்-தோ' என்று பிரித்திருந்தேன். இரட்டை மெய் நடுவில் உடையும் என்பது சரிதான், நம் 'பத்து' பத்-து ஆவது போல. ஆனால் எழுதும்போது 'ஸ்' அடுத்த மெய்யோடுதான் போகும்: அ-ஸ்பெத்-தோ. தமிழ்க் காதுக்கு இது இன்னும் உறுத்துகிறது.