முழங்காவில் கரையில 40 ஏக்கர்: எத்தினை காற்றாலை, எந்த அளவு?

கரைக்காணி:
வணக்கம். முழங்காவிலுக்கு மேற்கால சங்கக் காணி ஒண்டு. வடக்குத் தெற்கா 800 மீற்றர், அகலம் 200 மீற்றர். கிழக்கு எல்லையில பனை வரிசை. 10 மீற்றர் கம்பத்தில ஆண்டுச் சராசரி செக்கனுக்கு 4.5 மீற்றர். மன்னார்த் தம்பபவனிக் காற்றாலைப் பண்ணையில மாதிரிப் பெரிய விசிறி மூண்டு நிறுத்தலாமோ, சின்னதா நிறையப் போடுறது நல்லமோ?

வாடை:
10 மீற்றர்க் கணக்கை நம்பி ஒண்டும் முடிவெடுக்காதேங்கோ. உயரம் கூடக் காற்று எவ்வளவு கூடும் எண்டு காட்டுற சுட்டெண்ணைத் திறந்த வெளிக்குரிய 0.14 எண்டு வைச்சு 80 மீற்றருக்கு ஏத்தினால் 6.0 வரும். மரம் உள்ள நிலத்துக்குரிய 0.25ஐப் போட்டால் 7.6. காற்றின்ர சக்தி வேகத்தின்ர மும்மடிக்கு ஏறுறதால இந்த ரெண்டுக்கும் இடையில சக்தி இரண்டு மடங்கு வித்தியாசம். வங்கிக்குக் காட்டுற வருமானமே மாறிப்போகும்.

காற்றளக்க 80 மீற்றர்க் கம்பம் வேணும். 40, 60, 80இல காற்றுமானி, உச்சியில ரெண்டு.

கரைக்காணி:
சோளகம் அடிக்கிற மாசங்கள் மட்டும் அளந்தால் காணாதோ?

வாடை:
காணாது. பங்குனி சித்திரையிலயும் ஐப்பசியிலயும் காற்று விழுந்திடும். அதைச் சேர்க்காத சராசரி பொய். 12 மாசம் முழுக்க எடுங்கோ. காற்றுமானிக் கைகளை வடமேற்குக்கும் தென்கிழக்குக்கும் நீட்டுங்கோ. அப்பதான் தென்மேற்குச் சோளகமும் வடகிழக்கு வாடையும் கம்பத்தின்ர மறைப்பில்லாமல் படும். உப்புக் காற்றில பெயரிங் இறுகினால் மானி குறைச்சுக் காட்டும். மேலே உள்ள ரெண்டும் ஒண்டுக்கொண்டு விலகத் தொடங்கினால் உடனே இறக்கிப் பாருங்கோ.

மின்வயர்:
சின்னதைப் பற்றி: 15 மீற்றர்ப் பனை காற்றுப்போக்கில் அதின்ர 20 மடங்கு தூரத்துக்கு, அதாவது 300 மீற்றர் வரை காற்றைக் கலக்கும், உயரத்தில 2 மடங்கு, 30 மீற்றர் வரை. உங்கட அகலமே 200தான். வாடைக் காலம் முழுக்க 25 மீற்றர்க் கோபுரம் கலங்கின காற்றுக்குள்ளதான் நிக்கும். இறக்கையும் கியர்பொக்சும் தாங்காது.

தம்பபவனியில நிக்கிற 30 விசிறியும் ஒவ்வொண்டும் 3.45 மெகாவாற்று, சுழல்வட்டத்தின்ர விட்டம் 126 மீற்றர். அந்த அளவெண்டால் இறக்கையின்ர கீழ் நுனி 30 மீற்றருக்கு மேல நிக்க கோபுரம் 93க்குக் குறையக்கூடாது. 100 எண்டு வையுங்கோ.

எண்ணிக்கை இரண்டு. இறக்கை அடுத்த காணிக்கு மேல போகாமல் இருக்க காணியின்ர வடக்கு, தெற்கு நுனிகளில 63 மீற்றர் விடவேணும். மிஞ்சிற 674 மீற்றரில மூண்டு வைச்சால் இடைவெளி 337, விட்டத்தின்ர 2.7 மடங்குதான். காற்று தெற்குக்குத் திரும்பினால் முன் விசிறியின்ர கலக்கம் பின்னதைத் தின்னும், ஆயுள் குறையும். நுனிகளில 100 மீற்றர் உள்வாங்கி ரெண்டு வையுங்கோ: இடைவெளி 600. உச்சி 163 மீற்றர். காணி நடுவில நிண்டாலும் ரெண்டு பக்கமும் எல்லைக்கு 100தான், அதால அயலவற்ற சம்மதத்தை எழுத்தில எடுங்கோ.

ரெண்டும் சேர்ந்த 6.9 மெகாவாற்றை ஊருக்குள்ள ஓடுற 33 கிலோவோல்ற்று வயரின்ர கடைசி முனையில ஏத்தினால், நடுச்சாமத்தில பாவனை குறையேக்க வோல்ற்றேச் ஏறி விசிறி தானா நிண்டிடும். நல்ல காற்றடிக்கிற நேரமாப் பாத்து நிண்டால் நட்டம் உங்களுக்குத்தான். துணைமின்நிலையத்துக்கு எவ்வளவு தூரம், கம்பி எவ்வளவு தடிப்பு எண்டு கம்பத்துக்குக் காசு கட்ட முதல் கேளுங்கோ.

மண்வெட்டி:
மண் துளைச்சுப் பாக்க முதல் மிதிவெடி அகற்றின பத்திரம் கையில இருக்கோணும், பாதைக்கும் சேர்த்து. இறக்கை ஒண்டு 61 மீற்றருக்கு மேல நீளம், வளைவுகளில பக்கத்து நிலமும் தேவைப்படும். கிரேன் மேடையையும் பாதையையும் உயர்த்தினால் மாரி வெள்ளம் தேங்கி வயலுக்குள்ள ஏறும். ஓடுற இடமெல்லாம் மதகு வையுங்கோ. புரட்டாசியில இருந்து பங்குனி வரை வலசைப் பறவை வரும், பறவைக் கணக்கெடுப்பு அந்தக் காலத்தை விடக்கூடாது.