வீட்டில் காய்ச்சிய பேல் ஏல் நாக்கைப் பிடிக்கிறது: குறை ஹாப்ஸிலா, தண்ணீரிலா?

தாராபுரத்தான் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். ஆறு ஆண்டுகளாக லண்டனுக்கு அருகில் வேலை பார்க்கிறேன். இப்போது ஒரு மாத விடுப்பில் தாராபுரத்தில் இருக்கிறேன். இங்கிலாந்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் தேவையில்லை. முதலில் டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகை வாங்கிக் காய்ச்சினேன். அது நன்றாகவே வந்தது. கடந்த குளிர்காலத்தில்தான் பேல் ஏல் என்னும் வெளிர்நிற பீரைத் தானியத்திலிருந்தே காய்ச்சத் தொடங்கினேன். தொல்லையும் அப்போதுதான் தொடங்கியது.

இருபது லிட்டருக்கு 4.2 கிலோ மாரிஸ் ஆட்டர் வகை மால்ட், 300 கிராம் கிரிஸ்டல் மால்ட். 67 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, சாற்றை வடித்து, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்தேன். கொதி தொடங்கியதும் 30 கிராம் காஸ்கேட் வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ), கடைசிப் பத்து நிமிடத்தில் இன்னொரு 30 கிராம், புளித்து முடிந்தபின் வாளியில் நேராக 60 கிராம். தொடக்க அடர்த்தி (நீருக்கு 1.000 என்ற கணக்கில்) 1.050, முடிவில் 1.012, ஆக ஆல்கஹால் ஏறத்தாழ 5 சதவீதம். கணக்கில் பிழை இருப்பதாகத் தெரியவில்லை.

ஆனால் குடித்தபின் ஒரு கரகரப்பான கசப்பு நாக்கில் நெடுநேரம் நிற்கிறது. ஹாப்ஸ் மிகுந்துவிட்டது என்று எண்ணி, அடுத்த முறை முதல் 30 கிராமை 15 கிராமாகக் குறைத்தேன். கசப்பு குறைந்ததே தவிர அந்தக் கரகரப்பு அப்படியே இருக்கிறது. எலுமிச்சைத் தோல் போன்ற நறுமணமும் மூன்று வாரத்தில் மங்கிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

நொய்யல் கரை

தம்பி, நான் பீர் காய்ச்சியவன் அல்லன். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் நீர்ச் சோதனைக்கூடத்தில் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். துணியில் சாயம் திட்டுத்திட்டாக ஏறினால் எல்லோரும் சாயத்தைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் தண்ணீரைத்தான் சோதிப்பேன். உங்கள் கேள்வியில் தானியத்துக்கும் ஹாப்ஸுக்கும் கிராம் கணக்கு இருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். ஒன்று, நாக்கில் நிற்பது பாகற்காயின் கசப்பா, கொட்டைப்பாக்கை மென்றால் வாய் இழுத்துக்கொள்ளுமே, அந்தத் துவர்ப்பா? ஹாப்ஸைப் பாதியாக்கியும் போகாதது கசப்பாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். இரண்டு, லண்டன் வீட்டில் தேநீர் போட்டால் மேலே பழுப்பு ஆடை படிகிறதா, கெட்டிலுக்குள் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறதா?

தாராபுரத்தான்

ஐயா, துவர்ப்பு என்பதே சரியான சொல். நீங்கள் கேட்கும் வரை இரண்டையும் ஒன்றாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆடையும் படிகிறது, பொருக்கும் கட்டுகிறது. குடிநீர் நிறுவனத்தின் அறிக்கையை இணையத்தில் பார்த்தேன்: மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 290 மில்லிகிராம், காரத்தன்மை 235.

அவிநாசிக்காரன்

பெங்களூரில் பீர் காய்ச்சும் உணவகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஐயா சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கடினத்தன்மை 290 என்பது பெரிய குறை அன்று, ஏனெனில் கால்சியம் நமக்கு வேண்டியதே. கெடுப்பது அந்த 235, அதாவது பைகார்பனேட். ஊறும் மால்ட்டின் பிஎச் (அமில-கார அளவு; அமிலம் கூடினால் இறங்கும்) 5.2 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். வெளிர் மால்ட்டில் அமிலம் குறைவு என்பதால் பைகார்பனேட் அதை மேலே தூக்கிவிடுகிறது. சாற்றை வடித்தபின் தானியத்தில் மீண்டும் ஊற்றி அலசும் நீரின் பிஎச் 6ஐ நெருங்கி, வெப்பமும் 77 டிகிரியைத் தாண்டினால் பார்லியின் உமியிலிருந்து டானின் இறங்கும். பாக்கின் துவர்ப்பும் அதே வகைப் பொருள்தான். வறுத்த கருமால்ட்டில் அமிலம் அதிகம் என்பதால் லண்டன் நீருக்குப் போர்ட்டர் என்னும் கருநிற பீர் பொருந்தியது. வெளிர் ஏலுக்குப் பெயர் பெற்றதோ சல்பேட் நிறைந்த நீருள்ள இங்கிலாந்தின் பர்ட்டன் நகரம். டப்பாப் பாகில் உங்களுக்குத் தொல்லை வராததும் இதனால்தான்: உமியை ஊறவைக்கும் வேலையை ஆலையில் ஏற்கெனவே முடித்திருப்பார்கள்.

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. முதல் நாள் இரவே 30 லிட்டர் நீரை இருபது நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். பைகார்பனேட்டின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பொடியாக அடியில் இறங்கும். தெளிவை மட்டும் இறுத்து, 6 கிராம் ஜிப்சம் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 110 மில்லிகிராம் சல்பேட் கூடும். ஹாப்ஸின் கசப்பு இழுபடாமல் நறுக்கென்று முடியும். நம் தோட்டத்தில் நிலக்கடலைக்கு ஹெக்டேருக்கு 400 கிலோ இடுகிறோமே, அதே கால்சியம் சல்பேட்தான். ஆனால் உணவுத் தரத்தில் வாங்குங்கள், உரக்கடை மூட்டையிலிருந்து அள்ள வேண்டாம். பிறகும் பிஎச் இறங்காவிட்டால் லாக்டிக் அமிலத்தை ஒவ்வொரு மில்லியாகச் சேர்த்து, மாதிரியை ஆறவைத்து அளந்து பாருங்கள். அலசும் நீர் 75 டிகிரிக்குள் இருக்கட்டும். வடியும் சாற்றின் அடர்த்தி 1.010க்கு வந்தவுடன் நிறுத்திவிடுங்கள். கடைசிச் சொட்டு வரை பிழிவது நம் ஊர்ச் சிக்கனம். இங்கே அது உதவாது.

நறுமணம் மங்குவது வேறு கதை. புளித்தபின் போட்ட ஹாப்ஸ் எத்தனை நாள் கிடந்தது, மூடியை எத்தனை முறை திறந்தீர்கள்?

தாராபுரத்தான்

பத்து நாள். மணம் பார்ப்பதற்காகத் தினமும் திறந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அலசிய நீரும் 85 டிகிரி இருக்கும். இன்னொரு ஐயம்: கோவையில் அக்கா வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது. அது மென்னீர் என்பதால், விடுப்பு முடிவதற்குள் அங்கே ஒரு முறை காய்ச்சிப் பார்க்கலாமா?

அந்தியூர் வாசி

கூடவே கூடாது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. அது முதலில் நடைமுறைக்கு வந்ததே நம் பக்கத்துச் சேலம் மாவட்டத்தில்தான், அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று. உரிமமின்றி மது தயாரிப்பது அச்சட்டப்படி குற்றம். அளவு சிறிது, சொந்தப் பயன்பாடு என்பதெல்லாம் இங்கே காரணமாகாது. ஊறல் என்ற சொல் காதில் விழுந்தாலே என்ன நடக்கும் என்பது உங்கள் அக்காவுக்குத் தெரியும், அவரையே கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

அவிநாசிக்காரன்

அந்தியூராரின் சொல்லைக் கேளுங்கள். ஹாப்ஸின் நறுமண எண்ணெய்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விரைவில் கெடுத்துவிடும். மூன்று, நான்கு நாள் போதும். இடையில் மூடியைத் தொடாதீர்கள். புட்டிக்கு மாற்றும்போது குழாயின் முனை அடியைத் தொட்டிருக்கட்டும், மேலிருந்து கொட்டக் கூடாது. குழாய் நீரில் கிருமி நீக்கக் கலக்கும் குளோரமின் இருந்தால் கொதித்தாலும் முழுதாகப் போகாது. அதை நீக்கும் காம்ப்டன் மாத்திரையில் 20 லிட்டருக்குக் கால் பங்கைத் தூளாக்கிப் போட்டுவிடுங்கள்.

தாராபுரத்தான் (ஐந்து வாரங்களுக்குப் பின்)

லண்டன் திரும்பிக் காய்ச்சினேன். கொதித்த நீரின் அடியில் கோலமாவு கொட்டியது போல வெண்பொடி படிந்திருந்தது. இரண்டு மில்லி லாக்டிக் அமிலத்துக்குப் பின் பிஎச் 5.4. ஹாப்ஸ் பழைய 30 கிராமே. புட்டியில் அடைப்பதற்கு முன் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்: கசப்பு இருக்கிறது, பாக்கு இல்லை. நறுமணம் நிற்கிறதா என்பதை மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.